மருந்து தயார், வழி திறப்பது யார்?

புதுதில்லி: ஹைதராபாதில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனத்தின் கோவேக்சின் தடுப்பூசி 5 லட்சம் டோஸ் 2022 ஜனவரி 1-ம் தேதி காபூலில் ஒப்படைக்கப்பட்டது. தலிபான் ஆட்சியை இந்தியா அங்கீகரிக்கவில்லை. காபூல் தூதரகத்தில் அப்போது இந்திய அதிகாரிகளும் இல்லை. எனவே அங்குள்ள இந்திரா காந்தி மருத்துவமனையிடமே மருந்து நேரடியாகச் சேர்க்கப்பட்டது. ஆட்சியாளர்களுடன் உறவு இல்லாத நிலையிலும் மக்களுக்கு உதவ முடியும் என்பதற்கு இது சான்றாகக் கூறப்பட்டது.

ஆனால், அதே காலத்தில் அறிவிக்கப்பட்ட கோதுமையின் கதை வேறு. 50 ஆயிரம் டன் கோதுமையைத் தரை வழியாகக் கொண்டுசெல்ல அனுமதிக்குமாறு 2021 அக்டோபரில் பாகிஸ்தானை இந்தியா கேட்டுக்கொண்டது. நவம்பரில் சம்மதம் கிடைத்தது. பிறகு, யாருடைய லாரிகளில் ஏற்றுவது என்பதில் இழுபறி நீடித்தது. ஆப்கானிஸ்தான் லாரிகளில், அந்நாட்டு ஓட்டுநர்களே எடுத்துச் செல்வது என்று முடிவாகி, 2,500 டன்னுடன் முதல் 50 லாரிகள் அட்டாரியிலிருந்து புறப்பட்டபோது தேதி 2022 பிப்ரவரி 22. அந்தக் குளிர்காலத்தில் 2.28 கோடி ஆப்கானியர்கள் கடும் உணவுப் பற்றாக்குறைக்கு உள்ளாவார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தன. தானியம் இருந்தும், குளிர்காலத்தின் பெரும்பகுதி பேச்சுவார்த்தையில் கழிந்தது.

போரிலும் போரின் பின்விளைவுகளிலும் சிக்கிய மக்களுக்கு உதவும்போது, எத்தனை டன் அனுப்பினோம் என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. உண்மையில் முடிவு செய்வது, வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

வன்னி தந்த பாடம்

தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1987 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண மக்களுக்காக ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களுடன் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4-ம் தேதி இந்திய விமானப்படையின் 5 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் பாதுகாப்புடன் சென்று யாழ்ப்பாணத்தில் பொருள்களை வீசின. வீசப்பட்டது சுமார் 25 டன் மட்டுமே. பசியைத் தீர்த்ததைவிட, தில்லியின் எண்ணத்தைக் கொழும்புக்கு உணர்த்தியதே அதன் பலன்.

2008-09-ல் நிலைமை மாறியிருந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியிலிருந்து வெளியேறும்படி உத்தரவிடப்பட்டன. தமிழகத்தில் திரட்டப்பட்ட நிவாரணப் பொருள்கள் கப்பலில் கொழும்பு சென்று, செஞ்சிலுவைச் சங்கம் மூலம் அனுப்பப்பட்டன. ஆனால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதிலேயே சர்ச்சை எழுந்தது. 2009-ன் தொடக்கத்தில் இலங்கை அரசு கூறிய கணக்கு சுமார் 70 ஆயிரம். போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்களோ ஏறக்குறைய 2.9 லட்சம். குறைத்துக் காட்டிய அந்தக் கணக்கால் உணவும் மருந்தும் குறைந்தன என்பது 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையின் முடிவு. மக்களை வெளியேற விடாமல் தடுத்து, அவர்களைக் கேடயமாகப் பயன்படுத்தியதாக விடுதலைப் புலிகள் மீதும் அதே அறிக்கை குற்றம் சாட்டியது. ஒரு தரப்பு உதவியைத் தடுத்தது. மறு தரப்பு மக்களைத் தடுத்தது. இடையில் சிக்கியவர்களுக்குத் தப்ப வழியில்லாமல் போனது.

காஸாவிலும் இதே நிலைதான். 2023 அக்டோபர் 22-ல் இந்திய விமானப்படை விமானம் ஏறத்தாழ 38 டன் மருந்து மற்றும் நிவாரணப் பொருள்களை எகிப்தின் எல்-அரிஷ் நகரில் இறக்கியது. அதற்கு அப்பால் எல்லையைக் கடப்பது இந்தியாவின் கையில் இல்லை. 2025 மார்ச் 2 முதல் சுமார் 11 வாரங்களுக்கு எல்லா உதவிகளையும் இஸ்ரேல் நிறுத்தியபோது, எல்லைக்கு வெளியே குவிந்திருந்த பொருள்களால் உள்ளே இருந்தவர்களுக்குப் பயன் ஏற்படவில்லை.

சட்டம் போதுமா?

1949-ம் ஆண்டு நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், பொதுமக்களுக்கான மருந்துகளைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்கிறது. உணவைப் பொருத்தவரை அதே பிரிவு 15 வயதுக்கு உள்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்களை மட்டுமே குறிப்பிடுகிறது. அதுவும் நாடுகளுக்கு இடையிலான போருக்குத்தான். நிவாரணம் பற்றி விரிவாகப் பேசும் 1977-ம் ஆண்டு கூடுதல் நெறிமுறைகளில் இந்தியாவோ இலங்கையோ இணையவில்லை.

தில்லியின் நிலைப்பாட்டிலும் தயக்கம் தென்படுகிறது. ஆப்கானிஸ்தானுக்கு மனிதாபிமான உதவி செல்லத் தடை விதிகளில் விலக்கு அளித்த பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தை 2021 டிசம்பரில் இந்தியா ஆதரித்தது. ஓராண்டு கழித்து, ஐ.நா. தடைகள் அனைத்துக்கும் அந்த விலக்கைப் பொதுவாக்கும் தீர்மானத்தின்போது வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒரே உறுப்பு நாடும் இந்தியாதான். பயங்கரவாத அமைப்புகள் இந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்தும் என்ற அச்சமே காரணமாகக் கூறப்பட்டது. அண்டை நாட்டு அனுபவத்தைக் கருதினால் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், உதவி யாரைச் சென்றடைகிறது என்பதைக் கண்காணிக்க மாற்று ஏற்பாடு ஒன்றை முன்வைக்காமல் ஒதுங்கி நிற்பது தீர்வாகாது.

மருந்துத் தயாரிப்பில் முன்னணியில் உள்ள ஹைதராபாத் போன்ற நகரங்கள் இருக்கும்வரை, அனுப்பப் பொருள் இல்லை என்று தில்லி கூற இயலாது. செய்ய வேண்டியது அதற்கு முந்தைய பணி. உதவி எந்த வழியில் செல்லும், உள்ளே இருப்போரின் எண்ணிக்கையை எந்த நடுநிலை அமைப்பு உறுதி செய்யும், விநியோகத்தை யார் மேற்பார்வையிடுவது ஆகிய மூன்றையும் உதவி அறிவிப்புடன் சேர்த்தே பேசி முடிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்க வேண்டிய தடுப்பூசியால் மாதக்கணக்கில் எல்லையில் காத்திருக்க முடியாது. காயம்பட்டவர்களாலும் முடியாது.