பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?



கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து அமர்ந்த நேரம், வெலிமடையிலிருந்து என் சாச்சியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“நானா, கெப் திரும்பவும் குலுங்குது. எஞ்சின எறக்கோணும் எண்டு பாஸ் சொல்றார். அவருக்கிட்ட சல்லி அனுப்பச் சொல்லட்டா?”

‘அவர்’ என்பது கட்டாரில் வேலை செய்யும் அவளது கணவர். கெப் என்பது மாமனார் விட்டுச் சென்ற பழைய டட்சன் 1200. நாள்தோறும் விடியற்காலையில் லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வருவது அதுதான். அது நின்றால் அந்த வீட்டில் உலையும் நின்றது போலத்தான். கராஜில் கேட்ட தொகையோ, கணவர் பல மாதங்கள் அனுப்பும் பணத்துக்குச் சமம்.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: “பாஸ் பிளக்கக் கழட்டிப் பாத்தாரா?”

“இல்ல நானா. சத்தத்தக் கேட்டுட்டுத்தான் சொன்னார்.”

இந்தப் பக்கத்தில் கெப்பின் பிளக்குக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் எத்தனையோ குடும்பங்கள் பழைய வண்டியையே ஒட்டியும் கட்டியும் ஓட்டின. இன்றும் ஓட்டுகின்றன. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கராஜ்காரருடன் பேசுவதும் பணம் எண்ணிக் கொடுப்பதும் பெண்களே. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லதல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் கெப் டீசல் என்றால் அதில் இந்தப் பிளக் இருக்காது. அதில் இருப்பது குளிரில் எஞ்சினைச் சூடாக்கித் தொடக்கிவிடும் வேறு வகைப் பிளக். நான் எழுதுவது பெற்றோல் எஞ்சினுக்கு, அதுவும் மூடிக்குள் ரோட்டர் சுற்றும் டிஸ்டிபியூட்டர் உள்ள பழைய எஞ்சினுக்கு.

அடுப்பை உதாரணமாகக் கொள்ளுங்கள். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரை அழுத்துகிறோம். பொறி விழுந்தால் பற்றும், விழாவிட்டால் கேஸ் வீணாகி வீடெல்லாம் மணக்கும். எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிளக்தான் அங்கே லைட்டர். பெட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். அதைக் கொயில் 15,000 முதல் 25,000 வோல்ட் வரை உயர்த்துகிறது. டிஸ்டிபியூட்டர் அதை முறைப்படி நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிடுகிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பது பிளக் வயர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது, ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 பொறி விட வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். குலுக்கம் வருவது அதனால்தான். இதையே கராஜில் ‘மிஸ் பண்ணுது’ என்கிறார்கள்.

தவறிய சிலிண்டரின் பெற்றோல் எரியாமல் புகைக்குழாய் வழியே போய்விடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2008இல் நம் நாட்டில் தொடங்கிய புகைப் பரிசோதனையில் பழைய பெற்றோல் வண்டிகள் தோற்பதற்கும் இது ஒரு காரணம்.

இனி வெலிமடைக்கு வருவோம். “எப்ப கூடுதலாக் குலுங்குது?” என்று கேட்டேன். “காலையில, பனி மூட்டத்துல. பகல் வெயில் வந்தா சரியாகுது” என்றாள். எனக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது. எஞ்சினின் உள்பாகம் தேய்ந்திருந்தால் அது வெயிலைக் கண்டு குணமாகாது. ஈரத்தில் மோசமாகி, காய்ந்ததும் சீராவது பெரும்பாலும் வயரும் டிஸ்டிபியூட்டர் மூடியும்தான். பழைய வயரின் உறை வெடித்திருக்கும். ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வெடிப்பு வழியே எஞ்சின் இரும்புக்குக் கசிந்துவிடும்.

“சாவிய எடுத்துக் கைல வெச்சிக்கோ. எஞ்சின் ஆறினதும் நாம ரெண்டு பேருமாப் பாப்போம்” என்றேன். அவள் பொனட்டைத் திறக்க, மாமி டோர்ச் பிடிக்க, மூத்த மகன் ஸ்பானர் கொடுக்க, நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல வேலை நடந்தது.

எஞ்சின் ஆற வேண்டும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1,171 கனசென்டிமீற்றர் கொள்ளளவுள்ள அந்தச் சின்ன டட்சன் எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். பிளக்கின் மரையோ உருக்கு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்து வரலாம். அப்படி நடந்தால் அன்றைக்கு உண்மையாகவே தலையைக் கழற்ற வேண்டி வரும்.

வயரைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் ஒட்டு நாடாவைச் சுற்றி 1, 2, 3, 4 என்று எழுதச் சொன்னேன். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் விடுமுறைக்கு வந்து, மாமாவின் கெப்பைத் திருத்தப் போகிறேன் என்று நான்கு வயரையும் ஒன்றாகப் பிடுங்கினேன். திரும்ப மாட்டும்போது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதானே வரும் என்று டிஸ்டிபியூட்டரைச் சுற்றி வரிசையாக மாட்டிவிட்டேன். அந்த எஞ்சின் வெடிக்கும் முறை 1-3-4-2. சாவியைத் திருப்பியதும் புகைக்குழாய் வெடித்த சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறின. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவே அடையாளம் இடுங்கள், அல்லது ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நுனியிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து, இலேசாக முறுக்கி இழுக்க வேண்டும். வயரை இழுத்தால் உள்ளிருக்கும் கரி இழை அறுந்துபோகும், வெளியே தெரியாது. பிளக்கைக் கழற்றுமுன் அதன் அடியைத் தூரிகையால் துடைத்து, தூசியை ஊதிவிடுங்கள். இல்லையேல் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் விழும்.

நான்கு பிளக்குகளையும் பத்திரிகைக் கடதாசியில் இலக்கப்படி அடுக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் பால் தேநீர் நிறம். மூன்றாவது கறுத்து, ஈரமாக இருந்தது. “மணந்து பார்” என்றேன். “பெற்றோல் வாசம் நானா. எண்ணெய் இல்ல.”

இந்த நிறங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இளம் மண்ணிறம் ஆரோக்கியம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது, காபரேட்டரையும் சோக்கையும் பார்க்க வேண்டும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பிளக் மிகையாகச் சூடாகிறது. பெற்றோலில் நனைந்திருந்தால் அங்கே பொறி விழவில்லை. எஞ்சின் எண்ணெயில் வழுவழு என்று நனைந்திருந்து, வண்டி நீலப் புகையும் விட்டால், பாஸ் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் எஞ்சினை இறக்குமுன் நான்கு சிலிண்டரின் கொம்ப்ரஷனையும் அளந்து எண்ணிக்கையைக் காட்டும்படி கேளுங்கள். பத்து நிமிட வேலை அது. அந்தப் பாஸை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் காதால் பார்த்துவிட்டார்.

மூன்றாவது வயரை மடித்துப் பார்த்தபோது தொப்பிக்கு அருகே மயிரிழை போன்ற வெடிப்பும் கருகிய கோடும் தெரிந்தன. ஒன்று போனால் மற்ற மூன்றும் அதே வயதுதான். முழுச் செட்டையும் மாற்றுவதே புத்தி. மல்டிமீற்றர் உள்ளவர்கள் நான்கின் ஓமையும் அளந்து ஒப்பிடலாம். நீளத்துக்கேற்பச் சிறு வித்தியாசம் இருக்கும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ அளவே காட்டாவிட்டாலோ அது அறுந்த வயர். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பார்க்க இன்னொரு வழி, இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு வயர்கள் மீது நீரைப் புகையாகத் தெளிப்பது. கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையால் தொட்டுவிடாதீர்கள். ஸ்கார்ஃப் நுனியையும் நீண்ட கைகளையும் விசிறியிடமிருந்து தூர வைத்திருங்கள்.

சாமான் கடைக்குப் பழைய பிளக்கையும் கொண்டுபோங்கள். அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்ஜிகே பிளக்கில் பிபி5இஎஸ் என்று இருக்கும். பி என்பது 14 மில்லிமீற்றர் மரை, இ என்பது 19 மில்லிமீற்றர் நீளம், 5 என்பது சூட்டு இலக்கம். என்ஜிகேயில் இலக்கம் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது. பொஷ், சம்பியன் ஆகியவற்றில் நேர்மாறு. ஆகவே வேறு கம்பெனியின் பிளக்கை “இதுவும் அதே நம்பர்தான்” என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். பெட்டியில் பெயர் இருந்தாலும் போலியும் உண்டு. அச்சு மங்கலாக, மரை சொரசொரப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய பிளக்கின் இடைவெளியை அளந்தே போட வேண்டும். டட்சன் 1200க்கு 0.8 முதல் 0.9 மில்லிமீற்றர். பீலர் கேஜ் தகடு இலேசான உரசலுடன் போய்வர வேண்டும். சரிசெய்வதென்றால் வெளிக் கொக்கியை மட்டும் வளையுங்கள். நடு முனையை நெம்பினால் வெள்ளைப் பீங்கான் வெடித்துவிடும். கையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்த பிளக்கையும் நம்ப வேண்டாம்.

மாட்டுவதில்தான் பெரிய பயம், எளிய வழியும் உண்டு. ஒரு சாண் நீளமுள்ள பெற்றோல் ரப்பர் குழாயை எடுத்துப் பிளக்கின் தலையில் செருகி, குழாயை விரல்களால் சுற்றி இறக்குங்கள். மரை நேராகப் பிடித்தால் இலகுவாகப் போகும். கோணலானால் குழாய் வழுக்கிச் சும்மா சுற்றும், மரை கெடாது. அப்போது பின்பக்கம் சுற்றி எடுத்து மறுபடி தொடங்கலாம். கையால் இறங்கி வளையம் அமர்ந்த பிறகே ஸ்பானர். புதிய பிளக்குக்கு அதன்மேல் அரைச் சுற்று போதும். ஏற்கெனவே பாவித்ததைத் திரும்பப் போட்டால் அதைவிட மிகக் குறைவு, கொஞ்சம் அசைத்தாலே போதும். மரையில் கிறீஸ் பூச வேண்டாம், தெரியாமலே அளவுக்கு மேல் இறுகிவிடும். கடைசியில் வயரின் தொப்பியை ‘டிக்’ என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். வயர்கள் சூடான புகைக்குழாயில் உரசாமல் பழைய கிளிப்புகளில் அமரட்டும். டிஸ்டிபியூட்டர் மூடியையும் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அஸருக்குப் பிறகு அவள் அழைத்தாள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்ததாம். ஆனால் நான் அதை நம்பவில்லை. பகலில் அது முன்பும் நன்றாகத்தானே ஓடியது! மறுநாள் விடியற்காலை, மூட்டம் இறங்கிய நேரத்தில் தொலைபேசியை எஞ்சின் பக்கம் பிடிக்கச் சொன்னேன். சீராகக் கேட்டது. பின்னணியில் மாமி, “இன்னும் என்னத்துக்கு நிக்கிய, லீக்ஸ் வாடிரும்” என்று சத்தம் போட்டதும் கேட்டது. நான்கு பிளக்குக்கும் ஒரு செட் வயருக்கும் அவள் கொடுத்த காசு, கராஜில் கேட்ட தொகையின் ஒரு மூலைக்கும் காணாது. கணவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பிளக் போட்ட திகதியையும் கிலோமீற்றரையும் பொனட்டின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இவ்வகைச் சாதாரணப் பிளக்குகளை 15,000 முதல் 20,000 கிலோமீற்றருக்குள் மாற்றுவது நல்லது. இடையில் ஒரு தடவை கழற்றி இடைவெளியைப் பார்த்துக்கொள்ளலாம், பாவிக்கப் பாவிக்க அது அகன்று கொண்டே போகும். பழைய வயர்களில் நல்லதாக இருந்த மிக நீளமானதை வீசிவிடாதீர்கள். நான்கில் எதற்கும் எட்டும் என்பதால், ஒரு பழைய பிளக்குடன் துணியில் சுற்றி ஆசனத்துக்குக் கீழே வைத்தால் பதுளைப் பாதையில் நள்ளிரவிலும் உதவும்.