கேள்வியா, கட்டளையா?

மாலை நேர ஆங்கில வகுப்பொன்றில் மொழியுதவிக்காக அமர்ந்திருந்தேன். பயிற்சித் தாளில் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றும் செய்தி வாக்கியமா, வினா வாக்கியமா, கட்டளை வாக்கியமா, உணர்ச்சி வாக்கியமா என்று அடையாளங் காண வேண்டும். அறுபது வயதைக் கடந்த எம்மூர் அம்மா ஒருவர், 'குட் யூ குளோஸ் த டோர்?' என்பதன் எதிரே கட்டளை என்று குறித்திருந்தார். இளம் ஆசிரியை அதைப் பிழையென்று வெட்டினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, கதவைச் சாத்தச் சொல்லித்தானே இந்தப் பிள்ளை கேக்குது? சாத்தினால் காணும், மறுமொழி ஒண்டும் தேவையில்லை. பிறகெப்படி இது கேள்வி?" என்றார்.

என்னால் அவரைத் திருத்த முடியவில்லை. ஏனெனில் அவர் சொன்னது சரி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் ஒன்று ஏவல் வினா. வடிவில் கேள்வி, நோக்கத்தில் கட்டளை. ஆங்கில இலக்கண அறிஞரும் இதை அறியாதவரல்லர். குவேர்க்கும் அவருடைய தோழர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம், வாக்கியத்தின் வடிவத்தையும் அது ஆற்றும் பணியையும் வேறுபிரித்தே பேசுகின்றது. பயிற்சித் தாள்கள் வடிவத்தை மட்டும் கேட்கின்றன. எம்மவரோ பணியைப் பார்த்து விடையெழுதுகின்றனர்.

வகுப்பறையில் இதனால் ஒரு புள்ளிதான் போகும். அகதி விண்ணப்ப விசாரணையில் போவது வேறு.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் விரிவுரை நிகழ்த்தியவன் என்ற துணிவில், முதல் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றேன். இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது. "நீங்கள் பொலிசாரிடம் முறையிடவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி. "யெஸ்" என்றேன். தமிழில் எதிர்மறையாகக் கேட்டால், கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொண்டு, "ஓம், முறையிடவில்லை" என்போம். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்பது கேட்டவரின் கூற்றோடு ஒத்துப்போவதன்று. நடந்த செயலோடு ஒத்துப்போவது. முறையிட்டேன் என்று பதிவாயிற்று. அடுத்த விசாரணையில் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டனர். அப்படியொன்று இல்லையென்றேன். முன்னுக்குப் பின் முரண் என்று எழுதப்பட்டது. ஒரு சொல்லை விளக்க என் சட்டத்தரணிக்கு மாதங்கள் சென்றன.

மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் 'ஓம்' என்பதை 'யெஸ்' என்றே பெயர்த்துவிடக் கூடும். ஆகவே எதிர்மறை வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை தரக்கூடாது. "நான் முறையிடவில்லை" என முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டால் எந்த மொழியிலும் அதற்குப் பொருள் ஒன்றே.

நன்னூல் விடையையும் எட்டாக வகுத்திருக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரான விடைகள். மற்றைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. எம்மவர் பேச்சில் அந்த ஐந்துமே மிகுதி. "முறையிட்டீர்களா?" என்றால், "முறையிட்டால் உயிரோடு விடுவார்களா?" என்போம். அது வினாவுக்கு வினாவாலேயே விடை சொல்லுதல். "அடிப்பார்கள்" என்போம். அது உறுவது கூறல். எமது காதுக்கு இவை இரண்டும் 'இல்லை' என்பதிலும் அழுத்தமானவை. விசாரணைப் பதிவில் இவையே, கேட்டதற்கு விடையளிக்காதவர் என்ற குறிப்பாக மாறக்கூடும். முதலில் 'இல்லை, முறையிடவில்லை' என்ற மறை விடை வரட்டும். காரணம் பின்னால் வரட்டும்.

இன்னொன்று, வாக்கியத்தின் நீளம். "வீட்டுக்கு வந்து, அண்ணாவை விசாரித்து, அடித்து, கொண்டுபோய்..." என்று வினையெச்சங்களை அடுக்கிக் கொண்டே போவது எமது மொழியின் இயல்பு. வினையெச்சத்துக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. வந்தவர் ஒருவரா பலரா, இராணுவமா வேறு குழுவா என்பது இறுதி முற்றுவினை வரும்வரை தெரியாது. அது வந்தபின்னும் முழுவதும் தெரிவதில்லை. ஆங்கிலமோ எழுவாய் இன்றி நகராது. எனவே மொழிபெயர்ப்பவர் தாமே ஓர் எழுவாயை இட்டு நிரப்புகிறார். அந்த ஊகம் உங்கள் வாக்குமூலமாகிவிடுகிறது. இங்கே தனி வாக்கியங்களே காப்பு. யார், எப்போது, என்ன செய்தார் என்று ஒவ்வொன்றையும் முற்றுவினையில் நிறுத்திச் சொல்லுங்கள். இலக்கிய நயம் குன்றும், குன்றட்டும்.

பேச்சில் தனி வாக்கியம் என்றால், அவர்கள் அனுப்பும் கடிதங்களில் கலப்பு வாக்கியமே ஆட்சி செய்கிறது. 'அன்லெஸ்' என்று தொடங்கினால், 'நாட்' என்ற சொல் இல்லாமலே அங்கு எதிர்மறை உண்டு. "குறித்த நாளுக்குள் இப்பத்திரங்கள் கிடைத்தாலன்றி உமது விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்" என்பது செய்தி வாக்கியம் போலக் கிடக்கிறது. பிற்பகுதியை மட்டும் படித்து, எல்லாம் முடிந்துவிட்டதென்று கடிதத்தை மூலையில் போட்டவர்களை அறிவேன். அது முடிவன்று, உடனே அனுப்பு என்னும் கட்டளை. எம் எல்லோரையும் 'அகதி' என வரையறுக்கும் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையும் இத்தகையதொரு நெடிய கலப்பு வாக்கியமே. இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழு, அரசியற் கருத்து என்னும் ஐந்து காரணங்களும் அதன் துணை வாக்கியத்துள்ளேதான் அடங்கியிருக்கின்றன.

பிள்ளைகளின் பரீட்சைக்கென எமது சங்கங்கள் வார இறுதி வகுப்புகள் நடத்துகின்றன. நல்லதுதான். அதே மண்டபத்தில் பெற்றோருக்கென மாதம் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் என்ன? எதிர்மறை வினா, ஏவல் வினா, 'அன்லெஸ்' இம்மூன்றையும், அவரவர்க்கு வந்த கடிதங்களையே பாடநூலாக வைத்துக் கற்பிக்கலாம். பள்ளியில் நன்னூல் படித்தவர் எம்மிடையே இன்னும் பலர் உளர்.

அந்த அம்மாவின் மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது. கடந்த வாரம் முழுவதும் அவருக்கு நான் எதிர்மறை வினாக்களாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது கேள்வி வரை 'ஓம்' என்றார். எட்டாவதுக்குச் சற்று யோசித்து, "நான் போகேல்லை" என்றார்.