முதலில் வரவேண்டிய பெயர்

இரண்டு சங்கீத மரபுகளை ஒரே மேடையில் அமர்த்தி, ஒன்று ஓய்ந்ததும் மற்றது எழும்படியாகவோ, இரண்டும் ஒருங்கே ஒலிக்கும்படியாகவோ செய்துவிட்டு, அதிலேயே உலக சகோதரத்துவத்தைத் தரிசித்துவிட்டதாகச் சபையோர் புளகாங்கிதமடைவது இக்காலத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. கலப்பு என்பதே ஒரு சிறப்பு என்ற இந்த அபிப்பிராயத்தில் நமக்குச் சம்மதமில்லை. யார் யாரிடம் போனார்கள், எதைக் கற்றார்கள், கற்றதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று விசாரித்த பிறகே ஒரு கலப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நம் கட்சி. தென்னாப்பிரிக்காவின் ஜுலூக்கா என்ற குழுவைப் பற்றிய கட்டுரையொன்று இவ்விதழில் வெளியாகிறது. ஜூலு மக்களின் இசையையும் மேல்நாட்டு ராக் இசையையும் இணைத்த இக்குழுவைப் பற்றி நாம் தனியே சில வார்த்தைகள் சொல்லத் துணிவது, நம் கட்சிக்கு அதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் அகப்படாது என்பதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் 1948-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்த தேசியக் கட்சி, அதற்கு முன்பே அங்கே வழக்கமாகவும் அரைச் சட்டமாகவும் நிலவிவந்த நிறவேற்றுமையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஓர் இலக்கண நூலின் கறாரையும் பூரணத்துவத்தையும் கொடுத்தது. மனிதன் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று 1950-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பதிவு செய்தது; அந்த இனத்தான் எந்தப் பேட்டையில் குடியிருக்கலாம் என்று அதே ஆண்டில் மற்றொரு சட்டம் வரையறுத்தது; எந்தப் பெஞ்சில் உட்காரலாம், எந்த வாசல் வழியாக நுழையலாம் என்பதை 1953-ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்துக்கொண்டது. நேட்டாலில் நம்மவர் அநேகர் டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டதும் இந்தக் குடியிருப்புச் சட்டத்தினால்தான். ஜொகானஸ்பர்க் போன்ற நகரத்தில் கறுப்புத் தொழிலாளிக்கு இடம் உண்டு, ஆனால் வாசம் இல்லை. அவன் கையில் அனுமதிச் சீட்டோடு வந்து, ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதியில் ஒரு கட்டிலைப் பெற்று, வெள்ளையர் வீட்டைப் பெருக்கியோ, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தோ, சுரங்கத்தில் இறங்கியோ உழைத்துவிட்டு, வருஷத்துக்கொரு முறை பெண்டு பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போய்வர வேண்டும். அவனும் வெள்ளையனும் சந்திக்கவே கூடாதென்று சட்டம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஜமானனும் வேலைக்காரனுமாக அவர்கள் தினந்தோறும் சந்திக்கலாம். வேறு எந்த உறவுக்கும்தான் இடமில்லை.

இந்த நகரத்தின் யோவில் பகுதியில், 1960-களின் பிற்பாதியில், தாயாரோடு வசித்துவந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தெருவோரம் நின்று கித்தார் வாசித்துக்கொண்டிருந்த சார்லி ம்சீலா என்ற ஜூலுத் தொழிலாளியின் வாசிப்பைக் கேட்டான். ம்சீலா அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுத்தம் செய்பவர். சிறுவன் ஜானி கிளெக். 1953-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து, ஜாஸ் பாடகியான தாயின் பிறந்தகமான ரொடீஷியாவில் சில காலம் வளர்ந்து, பின்பு ஜொகானஸ்பர்க் வந்து சேர்ந்தவன். அவன் ம்சீலாவிடம் போய் எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டான். கேட்டதும் அவர் கற்றுக்கொடுத்ததும் இரண்டும் ஆச்சரியங்களே. அதன் பிறகு அவன் அவருக்குப் பின்னால் தொழிலாளர் விடுதிகளுக்கும், குடியிருப்புகளின் மொட்டை மாடிகளில் வேலையாட்கள் கூடும் இடங்களுக்கும் போய்வரத் தொடங்கினான். விடுதிக்குள் அகப்பட்டுப் போலீஸாரால் முதன்முறை கைதுசெய்யப்பட்டபோது அவனுக்கு வயது பதினைந்து.

அவன் கற்ற வித்தை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இக்குழுவைப் பாராட்டுபவர்களிற் பலர், ஏதோ நாட்டுப்புறத் தாளமொன்றை எடுத்து மின்சாரக் கித்தாரோடு ஒட்டிவிட்டார்கள் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். மஸ்கண்டா என்று பெயர்பெற்ற அந்த மரபு, ஊரைவிட்டு நகரத்துக்கு நடந்த தொழிலாளர்கள் ஐரோப்பியக் கடைச்சரக்கான கித்தாரைத் தங்கள் செவிக்கு ஏற்ப வசக்கியெடுத்த மரபு. உச்ச ஸ்தாயியில் பேசும் முதல் தந்தியை அவர்கள் ஒரு முழு ஸ்வர அளவு கீழே இறக்கிக்கொள்கிறார்கள். மேல்நாட்டுப் பாடகன் செய்வதுபோல் எல்லாத் தந்திகளையும் சேர்த்து வருடி, பாட்டுக்குப் பின்புலமாக விடுவது அங்கே இல்லை. கட்டைவிரல் மந்தர ஸ்தாயியில் ஒரு நடையை இடைவிடாது நடத்திச் செல்ல, ஆள்காட்டிவிரல் மேல்தந்திகளில் வேறொரு நடையைப் பறித்துப் பறித்துத் தருகிறது. தனியொருவர் வாசிப்பதை இருவர் வாசிப்பதாகவே கேட்பவர் எண்ணிவிடக் கூடும். பாட்டு எழுமுன் தந்திகளின் சுருதியைச் சோதிப்பதுபோல விரைந்தோடி இறங்கும் ஒரு முன்னுரை உண்டு. நடுவில் கித்தார் ஓடிக்கொண்டே இருக்க, பாடுவதை நிறுத்திவிட்டு, மூச்சுவிடாத வேகத்தில் தன் குலத்தையும் ஊரையும் ஆற்றையும் மலையையும் பெயர் சொல்லிப் புகழ்ந்துவிட்டு, மறுபடி பல்லவிக்குத் திரும்புவது வழக்கம். நகரத்தில் பெயரில்லாதவனாக, சீட்டில் ஓர் எண்ணாக இருப்பவன், அந்த அரை நிமிஷத்தில் தான் இன்னாரென்று பிரகடனம் செய்துகொள்கிறான். இதைக் கற்க வேண்டுமானால் விரல் மட்டும் போதாது. மொழி வேண்டும், அந்த மொழியில் குலமுறை கிளத்தத் தெரிய வேண்டும், ஆட்டமும் தெரிய வேண்டும். காலைத் தலைக்கு மேலாகத் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் பதியுமாறு நிலத்தில் அறைகிற அந்த ஆட்டத்தை, கிளெக் தொழிலாளரின் வார இறுதி ஆட்டக் குழுக்களில் வரிசையில் ஒருவனாக நின்று பயின்றார். பிற்காலத்தில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்று, சில காலம் கற்பித்து, ஜூலு ஆட்டத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். ஆனால் ஆட்டம் முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது.

வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஜூலுக் கித்தார் வாசிக்கிறானாம் என்ற செய்தி விடுதிகளில் பரவ, அதைக் கேட்டு, பார்த்துவிடுவோம் ஒரு கை என்று அவனைத் தேடி வந்தவர்தான் சிபோ ம்ச்சுனு. நேட்டாலின் உள்நாட்டில், கிரான்ஸ்காப் என்ற மலைப் பிரதேசத்தில் 1951-இல் பிறந்து, வேலை தேடி ஜொகானஸ்பர்க் வந்து, தோட்டக்காரராக இருந்தவர். தமிழ் வாசகருக்கு ஜூலு என்ற பெயர் அநேகமாக ‘சத்திய சோதனை’யில் வரும் ஜூலுக் கலகத்தின் வழியாகவே பரிச்சயமாகியிருக்கும்; 1906-இல் காயம்பட்ட ஜூலுக்களுக்குக் காந்தியடிகள் சிகிச்சை செய்த பூமியும் நேட்டாலின் அந்த உள்நாடுதான். போட்டிக்கென்று வந்தவர் தோழராகிவிட்டார். இருவருமாகச் சேர்ந்து தெருவிலும் விடுதியிலும் வாசித்தார்கள். பொது அரங்கத்தில் இரு நிறத்தார் ஒன்றாக நின்று, இரு நிறத்தாரும் கலந்திருக்கும் சபைக்குப் பாடச் சட்டம் இடங்கொடாததால், மாதா கோயில் மண்டபம், பல்கலைக்கழகக் கூடம், தனியார் வீடு என்று இடம் தேடித் தேடிப் பாடினார்கள். போலீஸார் வந்து கலைத்துவிட்ட கச்சேரிகளும் உண்டு.

1976-இல் இருவரும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதன் பின்னர் மற்ற வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்டபோது, ம்ச்சுனுவிடமிருந்த ஒரு காளையின் பெயரே குழுவின் பெயராயிற்று. ஜுலூக்கா என்றால் ஜூலு மொழியில் வியர்வை. 1979-இல் முதல் ஆல்பமான ‘யூனிவர்சல் மென்’ வந்தது. ஊருக்கும் நகருக்கும் இடையே உழலும் தொழிலாளியின் வாழ்க்கைதான் அதன் விஷயம். கிளெக்கின் ஆங்கில வரிகளும் ம்ச்சுனுவின் ஜூலு வரிகளும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருவது இவர்கள் ரீதி. இதுவே வானொலிக்குப் பெருத்த சங்கடமாகிவிட்டது. அரசாங்க வானொலியில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி நிலையம். பாஷைகள் கலந்த பாட்டு எந்த நிலையத்துக்கும் உரியதாகாது. சுவருக்கு இரண்டு பக்கமும் காவலாளிகளை நிறுத்தினவர்களுக்கு, சுவர் மேலேயே உட்கார்ந்துகொண்டவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. 1981-இல் வெளிவந்த ‘ஆஃப்ரிக்கன் லிட்டனி’ என்ற ஆல்பத்தில் ‘இம்பி’ என்றொரு பாட்டு. 1879 ஜனவரியில் இசண்டுல்வானாவில் ஆங்கிலேயப் படையை ஜூலு வீரர்கள் முறியடித்த கதை அது. அதற்கும் வானொலி கதவடைத்தது. ஜனங்கள் தாமாகவே தேடிக் கேட்டார்கள். இன்றைக்கு அதே பாட்டு, தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்தோடு மோதும் விளையாட்டு மைதானங்களில் முழங்குகிறதென்பதை அறியும்போது, சரித்திரத்துக்கு ஹாஸ்ய உணர்ச்சி கிடையாதென்று யார் சொல்லத் துணிவார்கள்?

உள்நாட்டில் அரசாங்கம் முகஞ்சுளித்தது போதாதென்று, வெளிநாட்டில் அரசாங்கத்தின் எதிரிகளும் முகஞ்சுளித்தார்கள். தென்னாப்பிரிக்காவோடு கலைத்தொடர்பு கொள்ளலாகாதென்ற பகிஷ்காரம் அப்போது வலுத்திருந்தது. அந்நாட்டில் தொடர்ந்து பாடிவந்த குற்றத்துக்காகப் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் கிளெக்கை நீக்கியது. பகிஷ்காரம் பிழை என்று நாம் கூறமாட்டோம். அந்த ஆட்சியைத் தனிமைப்படுத்தியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் யாருக்காகப் பாடினார்கள், எந்தக் கூடத்தில் பாடினார்கள் என்று பாராமல், எல்லையைத் தாண்டாத ஒரே காரணத்தால் ஒருவரைத் தள்ளிவைக்கும் விதி, தான் எதிர்க்க வந்த விதியின் சாயலைக் கொஞ்சம் பூசிக்கொண்டுவிடுகிறது என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

1985-இல் ஜுலூக்கா கலைந்தது. ம்ச்சுனு கிரான்ஸ்காப்புக்குத் திரும்பி மாடு வளர்க்கப் போனார். கிளெக் அடுத்த ஆண்டில் சவூக்கா என்ற புதுக்குழு அமைத்து, சிறையிலிருந்த மண்டேலாவைப் பற்றிய ‘அசிம்போனங்கா’ என்ற பாட்டினால் உலகப் பிரசித்தி அடைந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அவரை வெள்ளை ஜூலு என்று கொண்டாடினார்கள். அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசானும் நண்பருமாயிருந்த டேவிட் வெப்ஸ்டர் 1989 மே முதல் தேதி சுட்டுக் கொல்லப்பட்டதும், மேடையில் அவரோடு இணையாக ஆடிய டூடூ ஸூலு 1992-இல் கொலையுண்டதும் அந்தப் புகழின் நடுவே அவர் சுமந்த துக்கங்கள். பிற்பாடு பழைய தோழர்கள் மீண்டும் கூடி, 1997-இல் ஜுலூக்காவின் பெயரில் ஓர் ஆல்பம் தந்தார்கள். 2019 ஜூலையில் கணையப் புற்றுநோயால் கிளெக் காலமானபோது உலகப் பத்திரிகைகள் எழுதிய இரங்கலுரைகளில் ம்ச்சுனுவின் பெயர் வரத்தான் செய்தது. பெரும்பாலும் நாலாவது ஐந்தாவது பத்தியில், கிளெக் சந்தித்த ஒரு தோட்டக்காரராக.

இங்கேதான் நமக்கு ஓர் ஆட்சேபம். வெள்ளை ஜூலு என்ற பட்டத்தைக் கிளெக் கேட்டு வாங்கவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்வது அநியாயம். பட்டம் கொடுத்தவர்களின் கண்ணே நமக்கு உறுத்துகிறது. ஒரு வெள்ளையன் ஜூலு இசையைக் கற்றது அதிசயமாகத் தோன்றும் கண்ணுக்கு, பள்ளிக்கூடப் படிப்புக்கு வழியற்ற மலைநாட்டு இளைஞன் ஒருவன், ராக் இசையின் மின்சாரக் கித்தாரும் கீபோர்டும் டிரம்மும் ஒலிக்கும் நடுவே தன் மஸ்கண்டா நடையின் ஒரு மாத்திரை பிசகாமல் நின்று, அவ்வாத்தியங்களைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டது அதிசயமாகத் தோன்றவில்லை. எஜமானனும் வேலைக்காரனுமாக அன்றி வேறு விதத்தில் சந்திக்கலாகாதென்று ஒரு ராஜ்யமே சட்டமியற்றி வைத்திருந்த நகரத்தில், பெருக்குகிறவரிடத்திலும் தோட்டக்காரரிடத்திலும் வெள்ளைச் சிறுவனொருவன் சிஷ்யனாகப் போய் நின்றதில் அந்தச் சிறுவனின் பெருமை எவ்வளவோ, அவனை விரட்டாமல், அஞ்சாமல், தமக்கு வரக்கூடிய தண்டனை அவனுக்கு வருவதைக் காட்டிலும் பன்மடங்கு கொடியதென்று அறிந்தும் வித்தை சொல்லிக்கொடுத்தவர்களின் பெருமை அதைவிட அதிகம். பதினைந்து வயது வெள்ளைப் பையனைப் போலீஸார் தாயிடம் ஒப்படைத்துவிடலாம். சீட்டுப் பறிபோன ஜூலுத் தொழிலாளிக்கு நகரமே பறிபோயிற்று.

நமக்கு வந்த கட்டுரையில் தலைப்பு ‘ஜானி கிளெக்கும் அவர் குழுவும்’ என்றிருந்தது. கட்டுரையாசிரியரான நண்பருக்கு எழுதி, அவர் சம்மதத்தின் பேரில் ‘சிபோ ம்ச்சுனுவும் ஜானி கிளெக்கும்’ என்று மாற்றி அச்சிட்டிருக்கிறோம். சார்லி ம்சீலாவைப் பற்றி அதில் இரண்டே வாக்கியங்கள்தாம் உள்ளன; கூடுதலாக எழுதக்கூடியவர்கள் இருந்தால் அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.