பழுதைச் சொன்னதற்காக யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது: வாடகை வீடுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாடகை வீட்டின் பழுதைப் பற்றி எழும் தகராறு எப்படி முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே ஊகித்துவிடலாம். கூரை ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டார் எரிந்து பல நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று குடியிருப்பவர் முறையிடுவார். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு, "சரிப்பட்டு வந்தா இருங்க, இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்று உரிமையாளர் சொல்வார். அதற்குமேல் பேச்சு இல்லை. பழுதை யார் செலவில் சரிசெய்வது என்ற கேள்வி, வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அந்தக் கேள்வியில் குடியிருப்பவர் வெல்வது அரிது. எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பழுதுபார்க்கும் கடமை யாருடையது என்பதைச் சட்டம் ஏற்கெனவே வகுத்துவிட்டது. முறையிட்டவர் அதே வீட்டில் அச்சமின்றித் தொடர்ந்து இருப்பதற்கான ஏற்பாடுதான் இல்லை. அது வராமல் பழுதுபார்ப்பு பற்றிய எந்த விதியும் இங்கே ஒரு ஓட்டையைக்கூட அடைக்காது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223, அரியலூரில் 7,54,894. நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் முதலாவதில் ஏறத்தாழ 17 விழுக்காடு, இரண்டாவதில் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே. சொந்த வீட்டில் பிறந்து அங்கேயே வாழ்கிறவர்களைக் கொண்ட ஊர்கள் இவை. வாடகைக்கென்றே வீடு கட்டும் வழக்கம் இங்கே பழையதன்று. சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புச் சுரங்கங்களும் அரியலூருக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தன. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் டயர் ஆலையும் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தன. 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை 2023 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. ஜெயங்கொண்டம் பகுதியில் இன்னொரு பெரிய காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை வரட்டும், நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அந்த வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று பாருங்கள். மொட்டை மாடியில் சிமெண்டு அட்டை போட்டு எழுப்பிய அறைகள், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகள், நான்கு குடும்பத்துக்கு ஒரு கழிவறை, குடிநீர் இணைப்பு இல்லாமல் உப்பேறிய போர் தண்ணீரை மட்டும் நம்பிய போர்ஷன்கள். தேவை வேகமாக வளர்ந்திருக்கிறது, வீடுகள் அவசரத்தில் எழுந்திருக்கின்றன. சுண்ணாம்புச் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில் வெடி வைப்பதால் சுவர் விரிசல் விடுகிறது என்ற நீண்டநாள் புகாரும் இதில் சேர்ந்துகொள்கிறது. உரிமையாளர் சுரங்கத்தைக் கைகாட்டுவார், சுரங்கம் கட்டுமானத்தின் தரத்தைக் கைகாட்டும், விரிசலுக்குக் கீழே தொட்டில் கட்டியிருப்பவர் வாடகைக்கு இருப்பவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்ப்பைத் தெளிவாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடிப்பு, கதவு சன்னலுக்குச் சாயம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 15 ஆம் பிரிவு சொல்கிறது. தண்ணீர், மின்சாரம், துப்புரவு போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது 20 ஆம் பிரிவு. துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு. படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. குடியிருப்பவர்கள் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அறியாமை என்ற பதிலோடு அதை முடித்துவிடக் கூடாது.

வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமையையே எடுத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் வாடகைக்கு இருப்பவர், ஒழுகும் கூரையை 3,000 ரூபாய் செலவில் பூசிவிட்டு மாதக் கடைசியில் 2,000 ரூபாய் மட்டும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது 15 ஆம் பிரிவின்படி கழித்த தொகையா, வாடகை பாக்கியா? எழுத்தில் ஒப்பந்தமும், பழுதைத் தெரிவித்த கடிதமும், கொத்தனார் கொடுத்த ரசீதும் இருந்தால் முதலாவது. எதுவும் இல்லாவிட்டால் இரண்டாவது. வாடகை பாக்கியோ வெளியேற்றத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அதாவது தம் உரிமையைப் பயன்படுத்திய அதே செயலால் ஒருவர் வீட்டை இழக்கும் நிலைக்குப் போகிறார். எழுத்து ஏன் இல்லை என்றால், இங்கே வாடகை பேசுவது வாய்வழியாக. அட்வான்ஸ் கைமாறும், சாவி கைமாறும், காகிதம் கைமாறாது. காகிதம் போடும் சிலரும் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. 2017 ஆம் ஆண்டின் சட்டத்தில் காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென இணையதளமும் இருக்கிறது. இன்னும் ஒன்று. அந்தச் சட்டம் வரும் முன்பே குடியிருந்தவரோடு எழுத்தில் ஒப்பந்தம் ஏற்படாமல் போனால், அதையே காரணம் காட்டி வெளியேற்ற மனுப் போடலாம் என்று 21 ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் எழுத இருவருமே தவறியிருக்கலாம். வீட்டை விட்டுப் போகிறவர் ஒருவர்தான். இந்தச் சமமின்மையே எங்கள் வாதத்தின் மையம்.

"பிடிக்கவில்லையென்றால் வேறு வீடு பார்க்கலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீடு மாறுவது இலவசமாக நடப்பதில்லை. புது அட்வான்ஸ், தரகருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி, பிள்ளைகளின் பள்ளி, ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் முகவரி மாற்றம் என்று அது ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். பழைய அட்வான்ஸ் உடனே திரும்பி வருவதும் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, காலி செய்த பிறகு அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எழுத்தில் எதுவும் இல்லாதவருக்குச் சட்டம் பேச வாயில்லை. இதைவிட முக்கியமானது, காலி செய்த வீட்டில் பழுது அப்படியே இருக்கிறது என்பது. அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் அதே ஒழுகும் கூரையின் கீழ் பாய் விரிக்கிறது. சாதி கேட்டும், மதம் கேட்டும், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்டும் கதவடைக்கும் தெருக்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. பல வாசல் ஏறி இறங்கிய பிறகு ஒரு வீடு கிடைத்தவர், அதன் கழிவறைக் கதவு பெயர்ந்திருந்தால் வாய் திறப்பாரா?

வாடகைதாரர் என்ற பெயரே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆலைகளிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஒப்பந்ததாரர் ஒரு வீட்டை எடுத்துப் பத்துப் பேரைத் தங்க வைக்கிறார். வீட்டு உரிமையாளரோடு பேசியவர் ஒப்பந்ததாரர். அங்கே படுத்து எழுகிறவருக்குச் சட்டத்தின் முன் எந்த இடமும் இல்லை. பிற மாநிலத் தொழிலாளர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தரும் கடமையை 1979 ஆம் ஆண்டின் சட்டமே ஒப்பந்ததாரர் மேல் வைத்தது. தகுந்தது எது என்று போய்ப் பார்த்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை, அந்த அறைகளின் நிலையே அதற்குச் சாட்சி. பெண்கள் விடுதிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆலைக்கு வரும் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்தால் அங்கே எந்த ஆய்வும் நடப்பதில்லை. தாழ்ப்பாள் இல்லாத குளியலறை அவர்களுக்கு வெறும் பழுது இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதைக் காட்டி, எழுதத் தயாராக இருக்கும் ஒருவரை வெளியேற்றக் கூடாது. குடியேறும் நாளில் வீட்டின் நிலையைக் குறிக்கும் ஒரு பக்கப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கூரை, சுவர், மின்கம்பி, தண்ணீர், கழிவறை ஆகிய ஐந்தையும் இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட்டு, இ-சேவை மையத்திலேயே பதிவேற்ற வழி வேண்டும். பழுதைப் பற்றி எழுத்தில் முறையிட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு, வாடகை பாக்கியும் வேண்டுமென்றே செய்த சேதமும் தவிர, வேறு எந்தக் காரணத்துக்காகவும் முறையிட்டவரை வெளியேற்றவோ வாடகையை உயர்த்தவோ கூடாது. 15 ஆம் பிரிவின்படி கழித்த தொகை பாக்கிக் கணக்கில் சேராது என்பதும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். வாடகை அதிகாரி பட்டா மேல்முறையீடு, சட்டம் ஒழுங்கு, தேர்தல் என்று ஏற்கெனவே சுமை சுமப்பவர். அவர் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சி அலுவலகங்களில் மாதம் ஒரு நாள் அமர்ந்து மனு வாங்க வேண்டும், நகராட்சிப் பொறியாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். எத்தனை ஒப்பந்தம் பதிவானது, எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது என்ற கணக்கை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவற்றுள் கடைசி மூன்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.

எங்கள் மேல் வைக்கப்படும் மறுப்புகளில் மிகவும் மதிக்கத்தக்கது சிறு உரிமையாளர்களுடையது. இங்கே வாடகைக்கு விடுபவர்கள் பெருமுதலாளிகள் இல்லை. ஓய்வூதியம் போதாமல் மாடியை வாடகைக்கு விட்ட ஆசிரியர், வளைகுடா நாட்டில் உழைத்த பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டியவர், கணவரை இழந்து வாடகையில் குடும்பம் நடத்தும் அம்மா. கூரையை மாற்ற இவர்களிடம் பணம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் வாடகை என்பதே வீட்டைப் பேணும் செலவையும் உள்ளடக்கிய தொகை. வருமான வரிச் சட்டம் வாடகை வருவாயில் 30 விழுக்காட்டை, பழுதுக்குச் செலவு செய்தாரா இல்லையா என்று கேட்காமலே கழித்துவிடுகிறது. பத்து ரூபாயில் மூன்று ரூபாய் வீட்டுக்கே போகும் என்று அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு உண்மையிலேயே வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. பெரிய செலவு வரும்போது அதைத் தவணையாகச் செய்ய வாடகை அதிகாரி அனுமதிக்கலாம். மின்கம்பியும் கழிவறையும் முதலில், வெள்ளையடிப்பு பிறகு. பதிவு செய்தால் வரி வந்துவிடும் என்ற அச்சத்தைப் பற்றி ஒரு சொல் போதும்: வரிவரம்புக்குள் வராத வருமானத்துக்குப் பதிவினால் வரி வராது, வரம்புக்குள் வருகிற வருமானத்தை மறைக்க இன்னொருவரின் பாதுகாப்பைப் பணயம் வைப்பதை ஏற்க முடியாது.

குடியிருப்பவர்களே வீட்டைப் பாழ்படுத்துகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. சிலர் செய்கிறார்கள். அதற்குத்தான் குடியேறும் நாளின் நிலைப் படிவம். அது உரிமையாளரையும் அதே அளவுக்குக் காக்கிறது. ஆனால் சேதத்தையும் பழுதையும் குழப்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. ராச்டேல் நகரில் வீட்டு வசதி நிறுவனம் ஒன்றின் குடியிருப்பில், சுவரெல்லாம் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பழக்கவழக்கமே ஈரத்துக்குக் காரணம் என்று நிறுவனம் கருதியிருந்தது. பூஞ்சையே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணையில் முடிவானது. அந்தக் குழந்தையின் பெயரில், முறையீடு வந்தால் குறித்த காலத்துக்குள் ஆய்ந்து சரிசெய்ய வேண்டும் என்ற விதியை 2023 ஆம் ஆண்டின் சட்டம் வழியே அந்நாடு கொண்டுவந்தது. "நீங்க உள்ளேயே துணி காயப்போடுறீங்க, அதான் ஓதம்" என்ற பேச்சு நம் ஊர்களுக்கும் புதிதில்லை. யார் சொல்வது சரி என்பதைச் சுவரைப் பார்த்த பொறியாளர் சொல்லட்டும்.

இந்த விதிகளால் வாடகை உயரும், வீடுகளைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். கொஞ்சம் உயரக்கூடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒழுகாத வீட்டுக்கு நூறு இருநூறு கூடுதலாகக் கொடுப்பதா, ஒழுகும் வீட்டில் மருந்துக் கடைக்குக் கொடுப்பதா என்று கேட்டால் குடும்பங்கள் எதைச் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். பூட்டிய வீடு ஆலைகளும் கல்லூரிகளும் பெருகும் ஊரில் யாருக்கும் வருமானம் தராது.

குடியிருப்பவர்களிடமும் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது. எழுத்தில் தெரிவிக்காமல் வாடகையை நிறுத்தி வைப்பவர், தம் பொறுப்பிலுள்ள சிறு வேலைகளையும் உரிமையாளர் தலையில் கட்டுபவர், உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழுது பேசுபவர் ஆகியோரின் வழக்கை எங்கள் அமைப்பு எடுத்துக்கொள்ளாது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதவும் பதிவேற்றவும் உரிமையாளர், குடியிருப்பவர் இருவருக்கும் கட்டணமின்றி உதவுகிறோம். நிலைப் படிவத்தின் மாதிரியை இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் இந்த அறிக்கையோடு சேர்த்து அளிக்கிறோம்.