பாடமாக வேண்டிய உயிர்காப்பு

இதயம் திடீரென நின்றுபோனவரின் மார்பு நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வளர்ந்தோர்க்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, மூளைக்குக் குருதியோட்டம் அறவே அற்றுவிடாமல் காக்கும் முறையே சிபிஆர் எனப்படும் இதய நுரையீரல் மீட்பு. மார்பைத் திறக்காமலே இது இயலும் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1960-இல் வெளியிட்டபோதே, இரு கைகள் உள்ள எவரும் இதைச் செய்யலாம் என்பது தெளிவாகிவிட்டது. ஆயினும் பல நாடுகளில் இது எல்லோருக்குமான பயிற்சியாக உடனே மாறிவிடவில்லை. டென்மார்க் 2005-இல் இதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கி, மறு ஆண்டு ஓட்டுநர் உரிமம் பெறுவோரும் முதலுதவி கற்றாக வேண்டும் என்றது. அந்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள் அருகிலிருந்தோரின் சிபிஆர் கிடைத்தவர்களின் பங்கு, 2001-இல் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்தது, 2010-இல் 45 விழுக்காட்டை நெருங்கியது. அவசர அழைப்புச் சேவையின் சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதால் பள்ளிக்கு மட்டுமே பெருமை சேர்ப்பது மிகை. எனினும், விருப்பப் பயிற்சிக்கு வராத பெரியவர்களை உரிமத்தின் வழியே வரவழைத்தது கெட்டிக்காரத்தனமே. பயிற்சியில் எதைக் கற்பிக்கிறோம் என்பதும் முக்கியம்: இதயம் நின்றுபோக வளர்ந்தோர்க்கு இதயக் கோளாறே பெரும்பாலும் காரணமாக, குழந்தைகளுக்கோ நீரில் மூழ்குதல், தொண்டை அடைப்பு போன்ற மூச்சுத் தடைகளே முந்திக்கொள்கின்றன. ஆதலால் மார்பழுத்தத்தை மட்டும் கற்பித்து, வாய்வழி மூச்சளித்தலை விட்டுவிடும் சுருக்கப் பயிற்சிகள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் போதா.