கைக்குஞ்சும் கடிக்கும்

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில், பஞ்சுமிட்டாய் வண்டிக்கும் மெஹந்தி மேசைக்கும் நடுவே ஒரு புது ஸ்டால். கம்பியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு மக்காவ் கிளி உட்கார்ந்திருந்தது. வருகிற பிள்ளைகளின் தோளில் அதை ஏற்றிப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். வரிசையில் இருபது பேராவது இருப்பார்கள். நான் போன நேரத்தில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தை, நான்கு வயதுகூட இருக்காது, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. அதன் கன்னத்துக்கும் பறவையின் அலகுக்கும் நாலு விரற்கடை தூரம்.

“தம்பி, கடிச்சிடப் போகுதுப்பா” என்றேன்.

“கடிக்காது சார். ஹேண்ட் ஃபீட் குஞ்சு. கையிலயே வளந்தது.”

சொன்ன பையனின் வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். “அது சும்மா, விளையாட்டுக்குச் செஞ்சது” என்றான். குழந்தையின் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “வளத்த கிளி எங்கயாச்சும் கடிக்குமாண்ணே?” என்று சிரித்துவிட்டு, போனை உயர்த்தினார்.

வளர்த்த கிளி கடிக்கும். வளர்த்தவரையே கடிக்கும். அதை நான் திருச்சியில், என் அக்கா வீட்டு முற்றத்தில், இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அந்தப் பறவையின் பெயர் ராஜா. ஸ்டாலில் இருந்த அதே இனம், அதே நிறம். 2013-இல், உடம்பெல்லாம் முள்முள்ளாக இறகு முளைத்துக்கொண்டிருந்த குஞ்சாக வந்தான். அக்காதான் வெந்நீரில் மாவு கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, சிரிஞ்சால் வாயில் ஊட்டினாள். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து ஊட்டினாள். தன் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு முழித்ததில்லை என்று அம்மா சொல்வாள். ராஜா அவள் தோளிலேயே கிடப்பான். கொண்டையில் அலகைச் செருகிக்கொண்டு தூங்குவான். இதைவிடக் கைக்குஞ்சு ஊரில் எங்கேயும் கிடையாது.

2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா ஊஞ்சலில், ராஜா அவள் வலது தோளில். அத்தான் காய்கறிப் பையோடு உள்ளே வந்து, “டீ இருக்கா?” என்று பக்கத்தில் குனிந்தார். அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. ராஜா அத்தானை ஒரு தரம் பார்த்தான். அவர் எட்டவில்லை. திரும்பி அக்காவின் கீழுதட்டைக் கவ்வினான். ஒரு விநாடிகூட இருக்காது. உள்ளும் புறமுமாக ஒன்பது தையல்.

இந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டா இவ்வளவு பேசுகிறாய் என்று கேட்கிறார்கள். ஆமாம், இதை வைத்துத்தான் பேசுகிறேன். “கையில் வளர்ந்தது கடிக்காது” என்பதுதான் உங்கள் வாக்கு. ராஜா கையில் வளர்ந்தவன். அன்பாக வளர்த்தால் கடிக்காது என்கிறீர்கள். அக்காவைவிட அன்பு காட்ட யாரால் முடியும்? பழகினவரைக் கடிக்காது என்கிறீர்கள். ஆறு வருஷம் தோளில் தூங்கியவன் அவன்.

அந்த அலகு என்ன என்பது தோளில் ஏற்றுகிறவர்களுக்குத் தெரியாது. ராஜாவுக்கு வால்நட் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது காலால் எடுத்துப் பிடிப்பான். கறுத்துத் தடித்த நாக்கால் கொட்டையை உருட்டி உருட்டி, இரண்டு ஓடும் சேரும் விளிம்பைத் தேடுவான். கிடைத்ததும் கீழலகின் முனையை அங்கே பொருத்துவான். மெல்ல ஒரு கிறீச். பிறகு ‘டக்’. நாம் சுத்தியல் தேடும் கொட்டை அது. கிளி இனத்துக்குக் கீழலகு மட்டும் அசைவதில்லை. மேலலகும் மண்டையோட்டில் கீல் வைத்ததுபோல் தனியாக அசையும். மேலே குத்தும் கொக்கி, கீழே வெட்டும் விளிம்பு. பாக்குவெட்டியைப் பிள்ளையின் உதட்டருகே திறந்து பிடிப்பீர்களா? இதே குடும்பத்தில் பிரேசிலின் பான்டனால் சதுப்பு நிலங்களில் வாழும் நீல மக்காவ், இரும்பு போன்ற பனங்கொட்டைகளை உடைத்துத்தான் வயிறு வளர்க்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பணமிருக்கிறது என்பதற்காக அதையும் வாங்கி வீட்டுக் கூடத்தில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வளர்த்த கிளி கடிக்காது என்கிற நம்பிக்கைக்கு வேர் ‘கிளி’ என்கிற சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. மீனாட்சி கையில் இருப்பது, ஜோசியக்காரர் பெட்டியிலிருந்து வந்து சீட்டெடுப்பது, கொய்யா மரத்தில் பழம் கொறிப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் வைக்கும் கிளியைப் பச்சை இலைகளால் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூதான் அதற்கு அலகு. கிளி என்றதும் நம் மனசில் வருவது அந்த மாதுளம்பூ மென்மை. ஆனால் நம் பச்சைக்கிளி சுமார் 120 கிராம். அதுவே கொத்தினால் ரத்தம் வரும். நீல-மஞ்சள் மக்காவ் ஒரு கிலோ. பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பதால் புலிக்குட்டியை மடியில் வைப்பதில்லையே.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் கோபம் தருவது. கையில் ஊட்டி வளர்ப்பது இந்தப் பறவையைச் சாதுவாக்குவதில்லை. பயமற்றதாக்குகிறது. காட்டில் பிறந்தது மனிதனைக் கண்டால் பறந்துவிடும். தாய் தகப்பனிடமிருந்து பிரித்து சிரிஞ்சில் வளர்த்த குஞ்சுக்குத் தன் இனம் எது என்றே தெரியாமல் போகிறது. மனிதனைத் தன் இனம் என்று நினைத்துக்கொள்கிறது. நான்கு, ஐந்து, ஆறு வயதில் பருவம் வரும்போது வீட்டில் ஒருவரைத் துணையாக வரித்துக்கொள்கிறது. மற்றவர்கள் எல்லாம் போட்டிக்காரர்கள். போட்டிக்காரன் எட்டாவிட்டால் பக்கத்தில் இருக்கிற துணையைக் கடித்து விரட்டும். ராஜாவின் அலகில் அக்கா உதடு கிழிந்தது இதனால்தான். நாய் ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதனோடு வாழ்ந்து, வாழ்ந்து, அதற்கேற்ப மாறிய மிருகம். மக்காவுக்குப் பாட்டன் பூட்டன் காட்டில்தான் இருந்தான். குஞ்சாக இருக்கும்போது எடுத்த வீடியோவைக் காட்டி விற்கிறார்கள். ஆறாம் வருஷத்து வீடியோவைக் காட்டுவதில்லை.

எச்சரிக்கை இல்லாமலா கடிக்கிறது? இல்லை. மஞ்சள் விழியில் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கி விரியும், மறுபடி சுருங்கும். பிடரி இறகு சிலிர்க்கும். வெள்ளைக் கன்னத்தோலில் ரோஜா நிறம் ஏறும். வால் விசிறியாகும். இவ்வளவும் காட்டுகிற பறவையை எதிரே வைத்துக்கொண்டு “கண்ணு டான்ஸ் ஆடுது பாருங்க” என்று ரீல்ஸ் போடுகிறார்கள். லட்சம் பேர் இதயம் அனுப்புகிறார்கள். தோளில் இருக்கும் பறவையின் கண்ணை அந்தக் குழந்தையால் பார்க்கவே முடியாது. போன் பிடித்திருக்கிற அப்பாவோ திரையைப் பார்க்கிறார்.

சிலர் அறிவைக் காட்டி வாதாடுவார்கள். பேசுகிற பறவை, சொன்னால் புரிந்துகொள்ளும் என்பார்கள். விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் ஒரு கடையில் வாங்கி வளர்த்து ஆராய்ந்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, 2007-இல் சாகும்போது நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொல்லக் கற்றிருந்தது. ‘வேண்டாம்’ என்றும் சொல்லும். இதைத்தான் நானும் சொல்கிறேன். அறிவு இருந்தால் மறுக்கவும் தெரியும். அலெக்ஸுக்கு மறுக்க ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்துப் பறவைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இறக்கையை வெட்டி, காலில் வளையம் மாட்டி, டிஜே ஸ்பீக்கருக்கு முன்னால் நான்கு மணி நேரம் கைமாற்றினால், பறந்து தப்பவும் வழியில்லை. மிச்சம் இருப்பது அலகு ஒன்றுதான்.

கடி வாங்கியவரை ஊர் நடத்துகிற விதம் இன்னும் கொடுமை. உதட்டில் தையலோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்தவர் எல்லாரும் அவளையே குற்றம் சொன்னார்கள். “நீ பயந்திருப்ப, அதுக்குத் தெரிஞ்சிருக்கும்.” “மனசுல ஏதோ கோவம் வச்சிருந்திருப்ப.” கடிக்காதவரை பறவை நல்லது, கடித்தால் ஆள் சரியில்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டால் எந்த நம்பிக்கைதான் தோற்கும்? தையல் போடப் போன இடத்தில் “கிளிதானே” என்று சிரித்தார்கள். கிளிக்கு ரேபிஸ் கிடையாது என்பது உண்மை, அது பாலூட்டிகளின் நோய். அதனால் மட்டும் காயம் சின்னதாகிவிடாது. அலகில் கிருமி உண்டு. டெட்டனஸ் ஊசி போட வேண்டும். விரலாக இருந்தால் எலும்பும் நரம்பும் தப்பித்ததா என்று பார்க்க வேண்டும். கண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுதவே கை வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்துப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கிளி இன்றைக்கும் ஜோசியக்காரர் பெட்டியோடு தெருவில் திரிகிறது. கேட்பாரில்லை. மக்காவுக்கு 2024-இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், பறவை எங்கே இருக்கிறது என்று கணக்குக் கிடைக்கும். அதை வாடகைக்கு எடுத்துவந்து கண்ட பிள்ளையின் தோளில் ஏற்றுவதை யார் தடுப்பது? லட்சம் ரூபாயைத் தாண்டி விலை போகிற ஐம்பது வருஷத்து உயிரை, பலூன்காரர் பலூன் கொண்டுவருவதுபோல் கொண்டுவருகிறார்கள்.

ராஜாவை நான் வெறுக்கவில்லை. அவன் செய்தது அவன் இயல்பு. அக்கா அவனை விற்கவில்லை. விற்றால் இன்னொரு வீட்டுக் குழந்தை என்றாள். மொட்டைமாடியில் பெரிய கூண்டு கட்டியிருக்கிறார்கள். காலையும் மாலையும் கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறாள். அவன் தலையைக் குனிந்து பிடரியைக் காட்டுவான், சொறியச் சொல்லி. அவள் ஒரு மரக்கரண்டியின் காம்பால் சொறிந்துவிடுவாள். விரல் கொடுப்பதில்லை. அவளுக்கு அறுபது ஆகப்போகிறது. தனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

ரிசப்ஷன் முடிந்த மறுநாள் மண்டப மேனேஜருக்குப் போன் செய்தேன். “இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்டும் வரலையே சார்” என்றார். அக்காவிடம் கேட்டுக்கொண்டு, தையல் போட்ட அன்று எடுத்த அவள் படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. வருகிற முகூர்த்தத்துக்கும் அந்த ஸ்டால் புக் ஆகியிருக்கிறதாம்.