நேற்று ஓடியது, இன்று காலை ஊன்றவில்லை

முத்துப்பேட்டைப் பக்கம் இன்று குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்யாண ஊர்வலத்துக்கு, பொங்கல் பந்தயத்துக்கு என்று ஆசையாக வைத்திருப்பவர்கள். அவர்களைக் கலங்கடிக்கும் காட்சி ஒன்று உண்டு. முதல் நாள் சாயங்காலம் வரை நன்றாக ஓடிய குதிரை, விடிந்து பார்த்தால் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்கும். "கால் ஒடிஞ்சுபோச்சு, இனிமே தேறாது" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

அவசரம் வேண்டாம். கால் கோணலாகத் தொங்கினால் எலும்பு முறிவு என்று பயப்பட வேண்டும்; தொங்காவிட்டாலும் முறிவு இருக்கலாம் என்பதால் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். மற்றபடி, திடீர் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம் குளம்புக்குள்ளேதான் இருக்கும்.

பாமனியாறும் கோரையாறும் கடலைத் தேடிப் போகும் களிமண் பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் கணக்கில் சேற்றில் நிற்கும் குளம்பு ஊறி மென்மையாகிவிடும். கல்லோ முள்ளோ குத்திய இடத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டும். நம் விரலில் சீழ் பிடித்தால் சதை வீங்கி இடம் கொடுக்கிறது. குளம்போ கெட்டியான பெட்டி மாதிரி, வீங்க வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற வலி உயிர் போகும். அந்தக் குளம்பு மட்டும் தொட்டால் சுடும். அதற்கு மேலே காலின் பின்புறம் விரல் வைத்துப் பார்த்தால் நாடி பலமாக அடிக்கும். மருத்துவர் அடிக்குளம்பைச் சீவிச் சீழை வெளியேற்றிவிட்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் குதிரை காலை ஊன்றிவிடும்.

புதிதாக லாடம் அடித்திருந்தால் ஆணி சதையில் பட்டிருக்கலாம். ரோட்டு ஆணி ஏறியிருந்தால், அது இன்னும் உள்ளே போகாதபடி பார்த்துக்கொண்டு மருத்துவர் வரும்வரை விட்டுவைப்பது நல்லது. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று அந்த ஆணிதான் காட்டிக்கொடுக்கும். ரண ஜன்னி குதிரையைச் சுலபமாகத் தாக்கும் என்பதால் தடுப்பூசியில் அலட்சியம் கூடாது.

பின்னங்காலுக்கே உரிய கோளாறு ஒன்றும் உண்டு. குதிரை நின்றபடியே தூங்குவதற்காகப் பின்னங்கால் முட்டியில் இயற்கை ஒரு பூட்டு வைத்திருக்கிறது. அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் கால் பின்பக்கம் விறைத்து நீண்டுவிடும், மடங்காது. தொடைச் சதை பலமில்லாத இளம் குதிரைகளுக்கு இது அதிகம். மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் சில சமயம் 'டக்'கென்று விடுபடும். அடிக்கடி சிக்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சும்மா கட்டிவைத்துக் கொள்ளும் தானியமும் நிறையப் போட்டுவிட்டு, பந்தயம் நெருங்கியதும் திடீரென ஓட்டினால் வருவது வேறு வினை. பின்பக்கச் சதை கல்லாக இறுகும், வியர்த்துக் கொட்டும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். நடக்கவிட்டால் சரியாகும் என்று நினைப்பதுதான் தப்பு. ஓரடிகூட நடத்தாமல், நிற்கும் இடத்துக்கே மருத்துவரை வரவழைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பது, சூடு போடுவது எதுவும் வேண்டாம்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கொடுமையை எழுதிவைத்திருக்கிறார். கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்து மடிந்தன. குதிரை வைத்தியர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

இன்று அந்த நிலை இல்லை. கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. தினமும் ஐந்து நிமிஷம் நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்டினாலே பாதி நொண்டல் வராது. அதையும் மீறி வந்தால், ஊரார் தீர்ப்புக்கு முன்னால் குளம்பைப் பாருங்கள்.